சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் என்ன கற்றுத்தர முடியும்?

வாசகி கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில், கோயில் மண்டபம் ஒன்றில் பதினெட்டு ஆண்டுகளாகச் சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்பு நடத்திவருகிறேன். சென்ற ஆண்டு செப்டம்பரில், பள்ளியில் மேட்ரிக் எனும் பன்னிரண்டாம் வகுப்பின் முன்தேர்வுகள் நடந்துகொண்டிருந்த சமயத்தில், ஆறு வயது முதல் என்னிடம் படித்த பையன் ஒருவன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். அதற்கு முந்தைய சனிக்கிழமைகூட வகுப்புக்கு வந்து, நாற்காலிகளை அடுக்கி வைத்துவிட்டுத்தான் போனான். என் கண்ணுக்கு எதுவும் படவில்லை. அவனுடைய நினைவு நாளில் பெரிய கூட்டம் வைத்து, படத்துக்கு விளக்கேற்றி, ஊக்கமூட்டும் பேச்சாளர் ஒருவரை அழைத்து வாழ்க்கைத் திறன்களைப் பற்றிப் பேச வைக்கலாம் என்று கோயில் இளைஞர் குழுவினர் சொல்கிறார்கள். பெற்றோர் சிலரோ, பிள்ளைகள் முன் அந்தச் சொல்லையே எடுக்க வேண்டாம், இல்லாத நினைப்பை நாமே ஊட்டியதாகிவிடும் என்கிறார்கள். இந்த ஆண்டு மேட்ரிக் எழுதும் பிள்ளைகள் நால்வர் என் வகுப்பில் இருக்கிறார்கள். டிசம்பர் முதல் ஜனவரி முடிய வகுப்புக்கு விடுமுறை. வாழ்க்கைத் திறன் என்பது உண்மையில் என்ன? என்னைப் போன்ற தமிழ் ஆசிரியை ஒருத்தி அதைக் கற்றுத்தர முடியுமா?

பதில்:

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில், எழுதிய கேள்விகளுக்கு நடுவே எழுதாமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நாற்காலிகளை அடுக்கி வைத்துவிட்டுப் போன பையனின் முகத்தில் நீங்கள் எதையும் காணாமல் போனது உங்கள் குற்றம் அன்று. சாக வேண்டும் என்ற எண்ணம் பலருக்கு அலை போல ஏறி இறங்கக்கூடியது. காலையில் சிரித்துப் பேசியவர் இரவில் அதன் பிடியில் சிக்கியிருக்கலாம். இதையே தொழிலாகக் கொண்ட எங்களாலும் இன்னார் இன்ன நாளில் இப்படிச் செய்வார் என்று முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. முன்தேர்வு நடந்த சமயம் என்பதால் தேர்வுதான் காரணம் என்று யாராவது சொன்னால், அதையும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். மனநோய், வீட்டுச் சூழல், இழப்பு, அவமானம், தனிமை, அந்த நேரத்துத் தடுமாற்றம் எனப் பல இழைகள் முறுகித்தான் ஓர் உயிர் இந்த இடத்துக்கு வருகிறது. ஒரே காரணத்தைச் சொல்லி முடித்துவிட்டால், அதே தேர்வை எழுதும் உங்கள் நான்கு பிள்ளைகளுக்கும் தவறான பாடம் போய்ச் சேரும்.

நினைவு நாளைப் பற்றிய என் கருத்தைத் தயங்காமல் சொல்கிறேன்: அந்தப் பெரிய கூட்டம் வேண்டாம். அவனை நினைப்பது தவறு என்பதற்காகச் சொல்லவில்லை. வேறு நோயால் இறந்த மாணவன் ஒருவனுக்கு உங்கள் வகுப்பு என்ன செய்யுமோ, அதை இவனுக்கும் செய்யுங்கள்; அதைவிடக் குறைவாகவும் வேண்டாம், கூடுதலாகவும் வேண்டாம். மனம் சோர்ந்து, தன்னை யாரும் பார்ப்பதில்லை என்று எண்ணியிருக்கும் ஒரு பிள்ளை, மாலை சூட்டிய படத்தையும் மண்டபம் நிறைந்த கண்ணீரையும் பார்க்கும்போது, இறந்த பிறகாவது எல்லோரும் நம்மைப் பார்ப்பார்கள் என்ற முடிவுக்கு வந்துவிடக்கூடும். இளவயதினரிடையே ஒரு தற்கொலையைத் தொடர்ந்து இன்னொன்று நிகழும் ஆபத்து உண்மையானது. அவன் எப்படி இறந்தான் என்ற விவரம் வகுப்பில் பேச்சாக வேண்டாம். அவன் நிம்மதி அடைந்துவிட்டான் என்ற ஆறுதல் சொல்லும் வேண்டாம். கூட்டத்துக்குச் செலவிட நினைத்த நேரத்தை, அவனுக்கு நெருங்கிய நண்பர்களாக இருந்த இரண்டு மூன்று பேரைத் தனித்தனியே சந்தித்துப் பேசச் செலவிடுங்கள். ஆபத்து மிகுந்தவர்கள் அவர்கள்தாம்.

பெற்றோரின் அச்சம் அன்பிலிருந்து பிறந்தது என்பதை மதிக்கிறேன். ஆனால் அது சரியன்று. தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று ஒருவரிடம் அக்கறையோடு கேட்பது அந்த எண்ணத்தை உண்டாக்குவதில்லை என்பதை, பதின்வயதினரிடம் நடத்தப்பட்ட ஆய்வுகளும் சேர்ந்து காட்டுகின்றன; கேட்கப்பட்டவர்களில் பலருக்கு மனப்பாரம் குறைகிறது. கேட்கும் விதம் முக்கியம். “அப்படி ஏதும் மடத்தனமாக நினைக்கவில்லையே?” என்று கேட்டால், இல்லை என்ற பதிலை நாமே அவன் வாயில் வைத்துவிடுகிறோம். “இவ்வளவு கஷ்டத்தில் இருக்கும்போது சிலருக்குச் செத்துப்போகலாம் என்றுகூடத் தோன்றும். உனக்கு அப்படித் தோன்றியதா, கண்ணு?” என்று கேளுங்கள். ஆமாம் என்று பதில் வந்தால் பதறாமல், திட்டாமல், சத்தியம் வாங்காமல், “என்னிடம் சொன்னது நல்லது, இன்னும் சொல்” என்று உட்கார்ந்திருங்கள். அந்த முதல் ஐந்து நிமிடத்தில் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான், இனி யாரிடமாவது சொல்வதா வேண்டாமா என்பதை அந்தப் பிள்ளை தீர்மானிக்கிறது.

இனிப் பேச்சாளரைப் பற்றி. 2021இல் உலக சுகாதார நிறுவனம் தற்கொலைத் தடுப்புக்கென வெளியிட்ட வழிகாட்டி நான்கு வேலைகளை முதன்மையாக முன்வைத்தது. ஆபத்தான பொருட்கள் எளிதில் கைக்கு எட்டாமல் செய்வது, ஊடகங்கள் பொறுப்போடு எழுதச் செய்வது, பாதிக்கப்பட்டவர்களைத் தொடக்கத்திலேயே அறிந்து உதவி, தொடர்ந்து கவனிப்பது ஆகிய மூன்றோடு, பதின்வயதினரிடம் உணர்வும் உறவும் சார்ந்த வாழ்க்கைத் திறன்களை வளர்ப்பதும் அவற்றில் ஒன்று. உலகில் ஆண்டுதோறும் ஏழு லட்சத்துக்கும் அதிகமானோர் தற்கொலையால் இறக்கிறார்கள். 15 முதல் 29 வயது வரையுள்ளவர்களின் மரணத்துக்கு அது மூன்றாவது பெரிய காரணம். ஆகவே இளைஞர் குழு தேர்ந்த பொருள் சரியானதே. வழிதான் சரியில்லை. திறன் என்பது கேட்டு வருவதன்று, செய்து வருவது. மேடையில் ஒருவர் ஒரு மணி நேரம் நீச்சலைப் பற்றி உருக்கமாகப் பேசுவதால் எந்தப் பிள்ளையும் கடலில் மிதந்துவிடாது.

இதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. ஐரோப்பாவின் பத்து நாடுகளில் 168 பள்ளிகளைச் சேர்ந்த 11,110 மாணவர்களிடம் நடத்தப்பட்ட ‘சேல்’ ஆய்வின் முடிவுகள் 2015இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தன. ஒரு பிரிவில் ஆசிரியர்களுக்கு மட்டும் அறிகுறிகளை அடையாளம் காணும் பயிற்சி கொடுத்தார்கள். இன்னொரு பிரிவில் மாணவர்களை வினாத்தாள் மூலம் பரிசோதித்து மருத்துவரிடம் அனுப்பினார்கள். மூன்றாவது பிரிவில் மாணவர்களே நான்கு வாரங்களில் ஐந்து மணி நேரம், அதில் பெரும்பகுதி நடித்துப் பார்ப்பதாகவும் கலந்து பேசுவதாகவும், தங்கள் வாழ்க்கைச் சிக்கல்களைத் தாங்களே எடுத்து அலசினார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, ஒப்பீட்டுக்காக வகுப்பறைச் சுவரொட்டிகள் மட்டும் வைக்கப்பட்ட பிரிவில் 1.51 விழுக்காட்டினர் புதிதாகத் தற்கொலைக்கு முயன்றிருந்தனர். மாணவர்களே பயின்ற பிரிவில் அது 0.70 விழுக்காடு. மற்ற இரண்டு பிரிவுகளிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஐரோப்பியப் பள்ளியில் நடந்தது நம் சாட்ஸ்வொர்த்தில் அப்படியே நடக்கும் என்று நான் வாக்களிக்கவில்லை. பள்ளிகளில் நடத்தும் நல்ல நோக்கமுள்ள திட்டங்கள் எல்லாமே பலன் தருவதும் இல்லை: பிரிட்டனில் 85 பள்ளிகளில் மனவிழிப்புத் தியானம் (மைண்ட்ஃபுல்னெஸ்) கற்பித்துப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்று, அதனால் தனியான நன்மை எதுவும் காணப்படவில்லை என்று 2022இல் தெரிவித்தது. பிள்ளைகளுக்கு நேரும் உண்மையான நிலைமையை எடுத்துக்கொண்டு, அவர்களே பேசி, அவர்களே செய்து பார்க்கும் வழி நம்பத்தக்கது என்பதுதான் இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

வாழ்க்கைத் திறன்கள் என்னென்ன என்று கேட்டீர்கள். 1993இல் உலக சுகாதார நிறுவனம், தன்னை அறிதல் முதல் மன அழுத்தத்தைச் சமாளித்தல் வரை பத்துத் திறன்களை வகுத்தது. பள்ளியில் 10ஆம் வகுப்பு முதல் மேட்ரிக் வரை வாரம் இரண்டு மணி நேரம் வரும் லைஃப் ஓரியன்டேஷன் பாடத்தில் உங்கள் பிள்ளைகள் இவற்றில் பலவற்றை ஏற்கெனவே படித்திருப்பார்கள். பெயர் சொல்லச் சொன்னால் ஒப்பித்தும் விடுவார்கள். பத்தையும் நீங்கள் நடத்த வேண்டியதில்லை. உங்கள் வகுப்புக்குப் பொருந்தும் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, உள்ளே நடப்பதற்குப் பெயர் சூட்டுவது. இதற்குத் தமிழாசிரியரைவிடத் தகுதியானவர் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. என்னிடம் வரும் பதின்வயதுப் பையன்களில் பாதிப் பேர், எப்படி இருக்கிறது என்று கேட்டால் “ஓகே” என்பார்கள், அல்லது “ஸ்ட்ரெஸ்” என்பார்கள். இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் இருப்பதையெல்லாம் சொல்ல அவர்களிடம் சொல் இல்லை. சொல் இல்லாத வேதனை கோபமாக வெடிக்கிறது, அல்லது கதவை மூடிக்கொள்கிறது. ஏக்கம், தவிப்பு, கூச்சம், மனத்தாங்கல், வெறுமை, ஆற்றாமை ஆகிய ஆறு சொற்களைப் பலகையில் எழுதி, ஒவ்வொன்றும் தங்களுக்கு எப்போது வந்தது என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். விரும்பியவர்கள் மட்டும் படித்துக் காட்டட்டும். ஆற்றுதல் என்ற சொல்லை விளக்க ஒரு வகுப்பே போதாது. பாலை ஆற்றுகிறோம், புண்ணை ஆற்றுகிறோம், அழும் பிள்ளையை ஆற்றுகிறோம். தானாக ஆறாததற்கு இன்னொருவர் கை தேவைப்படுகிறது என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. வீட்டில் ஆயாவிடமும் தாத்தாவிடமும் அந்தச் சொற்களைக் கேட்டு வரச் சொன்னால், மொழி தெரியாமல் ஒரே கூரைக்கடியில் இருக்கும் இரண்டு தலைமுறைகள் பேசிக்கொள்ள ஒரு சாக்கும் கிடைக்கும்.

இரண்டாவது, கடினமான செய்தியைப் பெரியவர்களிடம் சொல்லிப் பழகுவது. சில ஆண்டுகளுக்கு முன் இளைஞர்களுக்கு நான் நடத்திய பயிற்சி ஒன்றில் நடந்ததை, அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். கணக்குத் தேர்வில் தோற்றதை அப்பாவிடம் சொல்வதாக நடிக்க வேண்டும். பதினைந்து வயதுப் பையன் மகனாக நின்றான். அப்பாவாக நின்றவன் அவனுடைய நண்பன். மகன் வாயைத் திறந்ததுமே நண்பன், “உன் பெரியப்பா மகன் டாக்டருக்குப் படிக்கிறான், நீ எங்கள் மானத்தை வாங்குகிறாய்” என்று பிடித்துக்கொண்டான். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஒத்திகை பார்க்காமலே அந்த வசனம் எங்கிருந்து வந்தது என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. மகன் இரண்டாம் முறை முயன்று, பாதியில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டான். மூன்றாம் முறை, தன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, “அப்பா, நான் ஒன்று சொல்ல வேண்டும். பத்து நிமிடம் குறுக்கே பேசாமல் கேளுங்கள். அப்புறம் என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்” என்றான். அப்பாவாக நின்றவனுக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. அந்தச் சொற்கள் அவனுக்குப் புத்தி சொன்னதால் வரவில்லை. மூன்று முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்ததால் வந்தன. உங்கள் வகுப்பிலும் இதைச் செய்யுங்கள். இறந்த பையனின் கதையை நடிக்க விடாதீர்கள். காதல் முறிவு, வாட்ஸ்ஆப்பில் பரவிய படம், பணக்கஷ்டம், தேர்வுத் தோல்வி போன்ற பொதுவான நிலைமைகள் போதும்.

மூன்றாவது திறனைத்தான் நான் மிகவும் வற்புறுத்துவேன். பிள்ளைகள் தங்கள் சாவு எண்ணத்தை முதலில் சொல்வது பெரும்பாலும் இன்னொரு பிள்ளையிடம்தான். “யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ணு” என்று கையை நீட்டுவார்கள். கேட்ட பிள்ளையோ, நட்புக்குத் துரோகம் செய்யக்கூடாது என்று அதைத் தனியாகச் சுமக்கிறது. பதினாறு வயதுத் தோளுக்கு அது தாங்காத சுமை. நண்பன் இறந்த பிறகு, எனக்குத் தெரிந்திருந்தது என்று என் முன் உட்கார்ந்து அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஒருவரிடமும் தவறு இல்லை, அவர்களுக்கு யாரும் வேறு வழியைக் கற்றுத்தரவில்லை. ஆகவே உங்கள் வகுப்பில் இதை வெளிப்படையாகச் சொல்லுங்கள்: காதல் ரகசியத்தைக் காப்பாற்றலாம், சண்டை ரகசியத்தைக் காப்பாற்றலாம், உயிர் சம்பந்தப்பட்டதைக் காப்பாற்றக் கூடாது. எப்படி மறுப்பது என்பதையும் வாய்விட்டுச் சொல்லிப் பழக்குங்கள். “இதை மட்டும் நான் மறைக்க மாட்டேன். நீ என்மேல் கோபப்பட்டாலும் பரவாயில்லை. வா, இரண்டு பேரும் சேர்ந்தே டீச்சரிடம் சொல்வோம்.” அப்படி வந்து சொல்லக்கூடிய பெரியவர்கள் மூன்று பேரின் பெயரை ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். மூன்று பெயர் எழுத முடியாத பிள்ளை யார் என்பதை நீங்கள் மட்டும் கவனித்து வையுங்கள்.

இங்கே பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. சொல்லும் திறனைப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு, கேட்கும் திறனைப் பெரியவர்கள் கற்காமல் இருந்தால், பாதிப் பாலம்தான் கட்டியிருக்கிறோம். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற கேள்வி, நம் வீடுகளில் பிள்ளை பேசத் தொடங்கும் முன்பே பதிலாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஒரு தாய் என்னிடம் சொன்னார்: மகள் வீட்டில் பேசவே மாட்டாள், ஆனால் பள்ளி வாசலில் காரை நிறுத்தி என்ஜினை அணைத்த பிறகு, இறங்காமல் இரண்டு நிமிடம் உட்கார்ந்திருப்பாள், அது தெரிந்த நாள் முதல் அவர் பத்து நிமிடம் முன்னதாகவே கிளம்பத் தொடங்கினார். முகம் பார்க்க வேண்டியிராத இடத்தில், கை ஏதோ வேலையாக இருக்கும்போது, பிள்ளைகளுக்குப் பேச்சு வருகிறது.

மேட்ரிக் எழுதும் நால்வருக்கும் இன்னொன்று செய்யுங்கள். சிக்கலைத் தீர்க்கும் திறன் என்று சொல்வதைச் சிக்கல் வரும் முன்பே கையில் கொடுப்பது அது. முடிவு நினைத்தபடி வராவிட்டால் என்ன செய்வேன் என்பதை இப்போதே, அமைதியாக இருக்கும்போது, எழுத்தில் வைக்கச் சொல்லுங்கள். விடைத்தாளை மறுமதிப்பீடு செய்யக் கேட்கலாம். மே, ஜூன் மாதத் தேர்வில் மீண்டும் எழுதலாம். அடிப்படைக் கல்வித் துறையின் செகண்ட் சான்ஸ் திட்டம் 2016 முதல் இதற்காகவே இருக்கிறது. தொழிற்கல்வி தரும் டிவெட் கல்லூரிகள் இருக்கின்றன. விண்ணப்பிக்கும் கெடு குறுகியது என்பதால் தேதியையும் பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். முடிவு தெரிந்த இரவில் இதையெல்லாம் தேடிக் கண்டுபிடிக்கும் தெளிவு எந்தப் பிள்ளைக்கும் இருக்காது. அந்தத் தாளில் பெற்றோரும் கையெழுத்திட்டால், தோல்வி வந்தாலும் வீட்டுக் கதவு திறந்திருக்கும் என்பதைப் பிள்ளை முன்கூட்டியே அறிந்துகொள்கிறது.

எச்சரிக்கை ஒன்றும் சொல்ல வேண்டும். வாழ்க்கைத் திறன் இருந்தால் எதையும் தாங்கலாம் என்ற பேச்சு, தாங்காத பிள்ளையின் மேல் பழியைத் தூக்கிப் போடுவதாகிவிடும். இதே டர்பனில் வாழ்ந்த சமூகவியல் அறிஞர் ஃபாத்திமா மீர், தென்னாப்பிரிக்காவில் இனப் பாகுபாடும் தற்கொலையும் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பதை ஆராய்ந்து 1976இலேயே நூலாக எழுதினார். தனி மனிதரின் வேதனைக்குள் ஊரின் நிலைமையும் இருக்கிறது. பள்ளியில் அடிபடும் பிள்ளைக்கு மனஉறுதியைக் கற்றுக்கொடுப்பதற்கு முன் அடியை நிறுத்த வேண்டும். வீட்டில் குடியும் வன்முறையும் இருந்தால் அந்தப் பிள்ளைக்குப் பாதுகாப்பு வேண்டும். தூக்கமின்றி, சாப்பாடின்றி, வாரக்கணக்கில் எதிலும் நாட்டமின்றி இருக்கும் பிள்ளைக்கு மனச்சோர்வு நோய் இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு, அது உங்கள் வகுப்பின் வேலையன்று.

சாக வேண்டும் என்று ஒரு பிள்ளை சொன்னாலோ, எழுதினாலோ, தன் பொருட்களைப் பிறருக்குக் கொடுத்து விடைபெறுவதுபோல் பேசினாலோ, தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள மருந்துகள், பூச்சிமருந்து, துப்பாக்கி எல்லாவற்றையும் பூட்டி வைக்கவோ அகற்றவோ பெற்றோரிடம் அன்றே சொல்லுங்கள். உந்துதல் உச்சத்தில் இருக்கும் நேரம் பலருக்குக் குறுகியது, அதைக் கடத்திவிட்டால் உதவி வந்து சேர இடம் கிடைக்கிறது. தென்னாப்பிரிக்க மனச்சோர்வு மற்றும் பதற்றக் குழுவான சடாக் நடத்தும் தற்கொலைத் தடுப்பு உதவி எண் 0800 567 567. இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சைல்டுலைன் 116. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 10177 எண்ணில் ஆம்புலன்சையோ, கைப்பேசியிலிருந்து 112 எண்ணையோ அழையுங்கள். அல்லது அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேரே அழைத்துப் போங்கள். இந்த எண்களை மண்டபத்தின் அறிவிப்புப் பலகையில் மட்டுமன்றி, கழிப்பறைக் கதவின் உட்புறத்திலும் ஒட்டுங்கள். யாரும் பார்க்காமல் குறித்துக்கொள்ள முடிகிற இடம் அதுதான்.

உங்களுக்கும் ஆறுதல் தேவைப்படுகிறது, அம்மா. பதினொரு ஆண்டுகள் கண்முன் வளர்ந்த பிள்ளையை இழந்திருக்கிறீர்கள். சடாக் எண் ஆசிரியர்களுக்கும் உரியதே. துக்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டு வகுப்பைத் தொடங்க வேண்டாம்.

கடைசியாக, டிசம்பர் முதல் ஜனவரி முடிய விடுமுறை என்று எழுதியிருந்தீர்கள். மேட்ரிக் முடிவு ஜனவரியில் வருகிறது. பள்ளிக் கவுன்சலரும் இல்லாமல், வகுப்பும் இல்லாமல், பிள்ளைகள் கைப்பேசித் திரையோடு தனியே இருக்கும் நாள் அது. அன்று காலை முதல் இரவு வரை மண்டபத்தைத் திறந்து வைக்க முடியுமா என்று கோயில் நிர்வாகத்தைக் கேளுங்கள். பாடம் எதுவும் வேண்டாம். தேநீர் போட்டு வையுங்கள். நால்வரையும் அவரவர் தாளை எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். வராத பிள்ளையின் வீட்டுக்கு நீங்களே ஒரு நடை போய் வாருங்கள்.